முன்னால நிக்கிற புள்ள

இல்ல தம்பி, நிப்பாட்டுங்க. கல்யாண ஆல்பத்துக்கு வச்சிருக்க அந்தப் படத்துல கை வைக்காதீக. கல்யாணப் பொண்ணுக்கு முன்னால வெளக்கு ஏந்திக்கிட்டு மொட்டத் தலையோட நிக்கிதே, அந்தப் புள்ளையத்தான எடுத்துரச் சொன்னாக? சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அழகுமீனா சொல்லியிருப்பா.

நான் யாரா? அந்தப் புள்ளைக்குச் சித்தி. தீக்ஷா எங்க அக்கா பாண்டீஸ்வரி பெத்த மக. கல்யாணப் பொண்ணோட அம்மா அழகுமீனா இருக்காள்ல, அவ எங்க அக்காவுக்கு நாத்தனா. எங்க மச்சான் பாண்டியராஜன் கூடப் பொறந்தவ. இப்ப வெளங்குதா?

கம்ப்யூட்டர்ல ஒரு நிமிச வேலதான், இருந்த எடம் தெரியாமப் பண்ணிரலாம்ங்கிறீக. பண்ணுவீக. அதுக்கு முந்தி நான் சொல்றத ஒருக்கக் கேட்டுக்கங்க.

இந்த அழகுமீனா தேவகோட்டையில வீடு கட்டிக் குடி போனப்ப, எங்க அக்காவுக்குக் கேன்சர் மருந்து ஏத்திக்கிட்டிருந்தாக. தலமுடி பூராக் கொட்டிப்போச்சு. புருவங்கூட இல்ல. அப்படியும் நாத்தனா வீட்டு விசேசம், போகாட்டி நல்லாருக்காதுன்னு, பட்டுச் சேலையச் சுத்திக்கிட்டு என் தோளப் புடிச்சுக்கிட்டு வந்தா. குடும்பப் படம் எடுக்க எல்லாரும் நிக்கிறாக. இவளும் போயி ஒரு ஓரமா நின்னா. வந்தா பாருங்க அழகுமீனா. ஏன்டி, நல்ல காரியத்துல மொட்டத் தலையோட முன்னால வந்து நிக்கிற, பின்னால போன்னு சொல்லி, தலைய மூடிக்கன்னு ஒரு துண்ட எடுத்து அவ தோள்ல வீசுனா.

அக்கா நேரா சமையக்காரவுக அண்டா கழுவுற எடத்துல போயி உக்காந்துட்டா. மச்சானா? அவரு கேமராவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னாரு. அந்த ஆல்பத்துல நல்லா விழுந்திருக்காரு.

அடுத்த ஆடிக்கு அக்கா இல்ல.

தீக்ஷா அப்பச் சின்னப் புள்ள. அண்டாவுக்குப் பக்கத்துல அம்மா மடியில அவளும்தான உக்காந்திருந்தா? மறக்குமா? ஒருநா எங்கிட்ட, அம்மாவுக்கு யாருமே முடி குடுக்கலையா சித்தின்னு கேட்டா. மெட்ராஸ்ல வாங்குறாகத்தா, விக்கு செஞ்சு சீக்காளிகளுக்குக் குடுக்குறாகன்னு வெவரம் சொன்னேன். அப்ப நான் வளத்துக் குடுக்குறேன்னா. புள்ள பேச்சுன்னு விட்டுட்டேன். அவ விடல தம்பி. நுனி முடி வெட்டக்கூட ஆளண்ட விடமாட்டா. பேன் விழுந்து, பள்ளிக்கூடத்துல டீச்சர் திட்டி, அம்புட்டையும் பொறுத்துக்கிட்டு இடுப்புக்குக் கீழ வளத்துட்டா.

அந்த முடியப் பாத்து மயங்குனது யாருங்கிறீக? இதே அழகுமீனாதான். என் மருமக முடியப் பாருங்க, எங்க வம்சத்து முடின்னு பாக்குறவககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சா. மகளுக்குக் கல்யாணம் வச்சதும், பொண்ணுக்கு முன்னால தீக்ஷாதான் வெளக்கு ஏந்தணும், நீளச் சடை போட்டுப் பூத் தச்சுக் குஞ்சலம் தொங்கணும்னுட்டா. குஞ்சலத்தக் கூட இங்க காரைக்குடியில கடகடையா ஏறி எறங்கி அவளே வாங்கியாந்தா. சடை தைக்கிறது என் பொறுப்பு. எங்க வீட்டுலேருந்துதான் புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புனேன்.

மண்டபத்து வாசல்ல எறங்குறோம். பட்டுப்பாவாட, கை நெறைய வளையலு, தலையில முடியக் காணோம். மச்சான் பன்னீர் தெளிச்சுக்கிட்டு நின்னவரு, கையி அப்படியே நின்னுபோச்சு. செத்தவ எந்திரிச்சு வந்த மாதிரி பாக்குறாரு. நல்லாப் பாருன்னு நெனச்சேன்.

அழகுமீனா ஓடியாந்தா. பல்லக் கடிச்சுக்கிட்டு எங்கிட்ட, பின்னால கூட்டிட்டுப் போங்கிறா. அதே வார்த்த தம்பி. பின்னால. அதுக்குள்ள மாப்ளையோட அம்மா வந்துட்டாக. ஏத்தா, கோயிலுக்கு முடி எறக்குனியான்னு கேட்டாக. இல்ல, கேன்சர் வந்தவகளுக்குக் குடுத்துட்டேன், எங்கம்மா அதுலதான் செத்துப்போச்சுன்னு தீக்ஷா சொன்னா. அந்தம்மா புள்ளையக் கட்டிப்புடிச்சு அழுதுட்டாக. நீதான்டி தங்கம் வெளக்கு ஏந்தணும்னு கையப் புடிச்சு முன்னால கூட்டிட்டுப் போயிட்டாக. சம்மந்தி முன்னால அழகுமீனா என்ன பண்ணுவா? சிரிச்சா. இந்தா, இந்தப் படத்தக் கொஞ்சம் பெருசாக்குங்க. பாத்தீகளா? பல்லு வலிக்காரி சிரிக்கிற மாதிரி இல்ல? எனக்கு இது போதும் தம்பி. இதப் பாத்துக்கிட்டே சாப்புடாமக் கெடப்பேன்.

பயப்படாதீக. சம்மந்தியம்மாதான் அந்தப் புள்ள படத்த மொதப் பக்கத்துல போடச் சொன்னாகன்னு சொல்லிருங்க. பொய்யில்ல, நேத்துப் போன்ல பேசுனேன். அழகுமீனா வாயத் தொறக்க மாட்டா.

என்ன தம்பி? உங்க அக்கா மகளும் முடி குடுத்துச்சா? நல்ல மனசு. என்னது... தோள் வரைக்கும் முடிய விட்டுட்டா வெட்டுனாக?

ம். நெசந்தான். முடி வாங்குறவுக கேக்குறது ஒரு முழந்தான்.

தீக்ஷாவுக்கும் மொதல்ல அப்படித்தான் வெட்டுனேன். சடைய ரப்பர் போட்டுக் கட்டி, கத்திரிக்கோலால வெட்டிப் பைக்குள்ள வச்சாச்சு. மிச்ச முடி தோளத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. புள்ள கண்ணாடி முன்னால நின்னு தலைய இங்குட்டும் அங்குட்டும் ஆட்டி ஆட்டிப் பாக்குது. அழகாத்தான் இருந்தா. லேசா இருக்கு சித்தி, இப்படியே கல்யாணத்துக்குப் போவமான்னு கேட்டா.

எங்க வீட்டுக்காரரு தாடி வழிக்கிற மிசினு மேசையில கெடந்துச்சு. இல்லத்தா, முழுசாக் குடுத்தாத்தான் வாங்குவாகளாம்னேன்.

அப்படியா சித்தின்னு தலையக் குனிஞ்சு குடுத்துட்டா.