பழைய கடிதம் செய்யும் முறை

"ஓடாத கடிகாரத்தை வாங்கிட்டுப் போயி என்னம்மா பண்ணுத?" என்று தூத்துக்குடியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சுந்தரராஜ் அண்ணாச்சி ஒருமுறை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சிரித்து வைத்தேன். நான் பொதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' என்று சொல்ல வாய் வராமல், வகுப்பில் உட்கார்ந்தபடியே பாதி வருடம் வராதவளாக இருந்தேன். பிறகு நிஜமாகவே போகாமல் இருந்துவிட்டேன். பதிவேடும் உண்மையும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா.

அண்ணாச்சிக்கு எழுத்தில் பதில் சொல்கிறேன். ஓடாத கடிகாரத்தை உடைத்து, பல்சக்கரம், சுருள்வில், முள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிப்பேன். அவற்றைப் பழுப்பேறிய தாள்களின் மேல் சாவி, சங்கிலி, லேஸ் துணியோடு சேர்த்து ஒட்டி ஆல்பமும் வாழ்த்து அட்டையும் செய்வேன். இதற்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். நீராவி எந்திரக் காலத்தோடு உலகம் நின்றுபோயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை. இப்படி நின்றுபோன உலகத்தை விரும்புகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் வாங்கிக்கொள்கிறார்கள். உம்மா இதைக் குப்பை என்பாள். அவள் சொல்வதில் தவறில்லை. குப்பையை யாரும் இத்தனை பத்திரமாகச் சுற்றிப் பெங்களூருக்கு அனுப்புவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

பழைய தாள் செய்வது எளிது. கெட்டியான தேயிலைச் சாயத்தில் நனைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரிப் பெட்டியை ஓட்டி, ஓரங்களை ஊதுபத்தி நெருப்பில் லேசாகக் கருக்கினால் தாளுக்கு ஐம்பது வயது கூடிவிடும். பல்சக்கரங்களுக்குத் துரு வேண்டும். மற்ற ஊர்களில் இதற்கு வினிகர், உப்பு என்று பாடுபடுகிறார்கள். காயல்பட்டினத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். ஆனால் எங்கள் வீட்டில் கடலைப் பார்த்த ஜன்னல் மாடி அறையில் மட்டும்தான் உண்டு. நடந்ததெல்லாம் அந்த அறைக்காகத்தான்.

எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இருப்பதில் நல்ல அறையாகப் பார்த்து அவர்களுக்குக் கொடுப்பார்கள். என் அக்கா ருகையா லாத்தாவுக்கும் தல்ஹா மச்சானுக்கும் அப்படித்தான் மாடி அறை போனது. மச்சான் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் சரக்குக்குப் பொறுப்பாகப் போய்வருவார். நல்லவர். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அவர் போன தோணி புயலில் கவிழ்ந்தது. ஐந்து பேருடைய உடல்கள் கிடைத்தன. அவருடையது கிடைக்கவில்லை. எங்கள் வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார் என்பதால், வீட்டில் மிஞ்சியது நாங்கள் மூன்று பெண்கள்.

லாத்தாவால் அந்த அறையில் தூங்க முடியவில்லை. கீழே உம்மாவின் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டாள். அறை சும்மா கிடந்ததால் நான் மேசையைப் போட்டேன். இதில் தவறில்லை. பஸ்ஸில்கூட ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் உட்கார முடியும்.

ஐந்து வருடம் கழித்து இல்யாஸ் என்பவர் லாத்தாவைக் கேட்டு வந்தார். துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். மனைவி இறந்த பிறகு ஊர் திரும்பி ஏரலில் குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தார். இனிக் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆலிம்களும் சொல்லிவிட்டார்கள். பழைய நிக்காஹை முறித்து எழுதித் தருவதற்குத் தேதி குறித்தார்கள்.

"எத்தன வருசம்ளா அவன் சட்டையை மடிச்சு மடிச்சு வெப்ப?" என்று உம்மா கேட்டாள்.

லாத்தா, "ஒங்க இஷ்டம்மா" என்றாள். மறுநாள் காலையில் அவள் காதில் ஐந்து வருடமாகக் காணாத கம்மல் இருந்தது. அடுப்படியில் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உம்மா என்னைக் கூப்பிடும்வரை.

"ஏளா ருமைஸா, ஒன் குப்பையெல்லாம் வாரிக் கீழ கொண்டாந்துரு. மாடிக்கு வெள்ளையடிக்கணும்."

"எங்கன வைக்க?"

"அடுப்படிக்குப் பக்கத்துல அரிசி மூட்ட கெடக்க ரூம் இருக்குல்லா."

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அரிசிக்குக் காற்று வேண்டாம். எனக்கு வேண்டும். இதை உம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். 'உள்ளேன்' என்று சொல்ல வராத வாய்க்கு 'மாட்டேன்' எப்படி வரும்? ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன்.

மச்சான் சரக்குப் பட்டியல் எழுதிய நோட்டு ஒன்று பரணில் இருந்தது. சாய்ந்த, அவசரமான எழுத்து. மூன்று மதியங்களில் என் கைக்கு வந்துவிட்டது. தாளைச் சாயத்தில் மிதமாகத்தான் நனைத்தேன். மிகை செய்வது கற்றுக்குட்டிகளின் வேலை. வாப்பா முன்பு சவூதியிலிருந்து எழுதிய கடிதங்களின் உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு ஸ்டாம்பை உரித்தேன். தபால் முத்திரையை அழிரப்பரில் செதுக்குவது என் தொழிலில் பாலபாடம்.

'ருகையா, நான் உயிரோடு இருக்கிறேன். வேறொரு கப்பல் என்னைத் தூக்கிச் சவூதியில் விட்டது. பாஸ்போர்ட் இல்லை. பிடித்து வைத்து வேலை வாங்குகிறார்கள். சமையல்காரர் ஒருவர் மறைத்து இந்தக் கடிதத்தை அனுப்புகிறார். வெளியே தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்கள். யாரிடமும் சொல்லாதே. வருவேன்.' கீழே அந்தச் சமையல்காரரின் தபால் பெட்டி எண் ஒன்றும் போட்டேன். எண் என்று இருந்தால் எதையும் நம்புவார்கள்.

என் பார்சல் விஷயமாக நான் அடிக்கடி போஸ்டாபீஸ் போகிறவள். அங்கே கொடுத்தார்கள் என்று சொல்லி உறையை நீட்டினேன். லாத்தா வாசித்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். உம்மா அழுதுகொண்டே தொழப் போனாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னால் உண்டான சந்தோஷம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இல்யாஸை மட்டும் அழைத்து உம்மா உறையைக் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாமி, இது ரொம்பப் பழைய ஸ்டாம்பா இருக்கே?"

"ஒளிஞ்சு கெடக்கவனுக்குப் புது ஸ்டாம்பு யாரு குடுப்பா?" என்றாள் உம்மா.

நான் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. நம்ப வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் மீதி வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். இல்யாஸ் என் நகக்கண்ணில் இருந்த மையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு கதவோரம் நின்ற லாத்தாவின் முகத்தைப் பார்த்தார். "அவரு நல்லபடியா வரட்டும். துஆ செய்யுதேன்" என்று சொல்லி எழுந்துகொண்டார். அவருக்குச் சந்தேகம் இருந்திருந்தால் கேட்டிருப்பார். கேட்காதவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

இரண்டு நாள் கழித்து உம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "பாவம் மனுசன்" என்றாள். "மாடி ரூமே எனக்கு வேண்டாம்னாரு. 'அந்தப் பிள்ள அங்கன என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு, அதைக் கெடுக்க வேண்டாம், பின்னால ஒரு ரூம் எடுத்துக்கிடுதேன்'னு செங்கலுக்குக்கூடச் சொல்லி வெச்சுட்டாரு. நாந்தான் வெள்ளையடிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்."

இதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் பேசாததால் எனக்குக் காதும் இல்லை என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இதில் பெரும்பங்கு அவர்களுடையது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம் என்றுதான் லாத்தாவிடம் போனேன். அவள் கீழே தெரு ஜன்னலோரம் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தாள். முடித்து, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"நீதான் போஸ்டாபீஸ் போவியே. இதையும் போட்டுருளா. யாரு கண்ணுலயும் படாம."

மாடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். நான்கு தாள், இரண்டு பக்கமும். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள். கண்ணீர் விழுந்த இடமெல்லாம் மை ஊறி, ஓரம் கருநீலமாகவும் நடு வெளிறியும் இருந்தது. இந்த விளைவு வேண்டி நான் உப்புத் தண்ணீரை ஊசியால் சொட்டிச் சொட்டி எத்தனை தாள்களை வீணாக்கியிருக்கிறேன். எதுவுமே இப்படி வந்ததில்லை. உண்மையைச் சொல்வதற்கு அது ஏற்ற நேரமாகப் படவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மச்சான் எழுதுகிறார். அவர் எழுதினால்தானே அவள் பதில் எழுதுவாள். பதினொரு பதில்கள் வந்திருக்கின்றன. 'உங்கள் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.' 'உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.' 'எனக்கு முன்னால் கொஞ்சம் நரைத்துவிட்டது. வந்து பார்த்துச் சிரிக்கக் கூடாது.' இப்படிப்பட்ட வரிகளை உட்கார்ந்து யோசித்தால் எழுத முடியாது. அந்த நரை வரியைச் சுற்றி நான்கு சிறிய பல்சக்கரங்களை வளைவாக ஒட்டி, மேலே ஒடிந்த மணிமுள் ஒன்றை வைத்தேன். பெங்களூர்ப் பெண் ஒருத்தி அதை வாங்கிவிட்டு, 'இவ்வளவு நிஜமாக எப்படி எழுதுகிறீர்கள், அழுதுவிட்டேன்' என்று செய்தி அனுப்பினாள். நான் அடக்கமாக ஒரு பூப்படம் போட்டேன். பிறகு நிறையப் பேர் அதே மாதிரி கேட்டதால், தாள்களைக் கவனமாக வெட்டிப் பங்கிட வேண்டியிருந்தது. ஒரு வார்த்தையைக்கூட நான் வீணாக்கவில்லை. லாத்தாவின் எழுத்துக்கு என்னைவிட மரியாதை செய்தவர்கள் யாரும் இல்லை.

இல்யாஸ் சென்ற வருடம் ஏரலிலேயே வேறு கல்யாணம் செய்துகொண்டார். வலீமா விருந்துக்கான அழைப்பு எங்களுக்கும் வந்தது. "நல்லா இருக்கட்டும்" என்றாள் லாத்தா. "அவரும் எத்தன நாளு ஒத்தையில கெடப்பாரு. எனக்குத்தான் வாரதுக்கு ஆளு இருக்கே." அவள் அதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நம்பிக்கை என்பது சும்மா கிடைப்பதா.

முந்தாநாள் மதியம் உம்மா உறங்கிக்கொண்டிருந்தாள். நான் ஆல்பம் ஒன்றை முடித்து, பக்கங்களை விரித்துக் காயவைத்திருந்தேன். லாத்தா எட்டு வருடமாக மாடிப்படியை மிதித்ததில்லை. அன்று பன்னிரண்டாவது பதிலை எழுதி முடித்துவிட்டு, நான் கீழே வரும்வரை காத்திருக்க முடியாமல் தானே எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். காலடிச் சத்தம் கேட்டு நான் திரும்பியபோது கதவருகில் நின்றிருந்தாள்.

முதலில் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். அருகில் வந்து குனிந்தாள். முதல் பக்கத்தில் அவளுடைய நான்கு வரிகள் இருந்தன, மேலே ஒரு சாவி. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்கு அடுத்ததையும். தன் கையெழுத்தைத் தானே விரலால் தொடப் போனாள்.

"தொடாதீங்க லாத்தா" என்றேன். "பசை காயல."

விரலை எடுத்துக்கொண்டாள். தலைக்கு மேலே கொடியில் மச்சானின் அடுத்த கடிதம் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயம் முனையில் திரண்டு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பாதி எழுதி, மை எப்படி ஊறுகிறது என்று பார்க்கச் சாயத்தில் நனைத்திருந்தேன். 'ருகையா, நரைத்தால் என்ன' என்பதோடு நின்றிருந்தது. அதை வாசித்தாள். பின்னர் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். நான் ஆல்பத்தின் நல்ல பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். இத்தனை வருட உழைப்பு, வீட்டு ஆட்களில் ஒருவராவது பார்க்கட்டுமே.

அவளுக்குக் கோபம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கோபம் இருந்தால் கையில் வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள். அவள் அதை மேசையில், பசை படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.