மூன்றாவது வளைவு

ஐயா, இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். தொழில் புத்தி, கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

சங்கத் தலைவரின் காரை உங்களுக்குத் தெரியும். பழைய கார் வைத்திருப்போர் சங்கம்; மொத்தம் பதினொரு உறுப்பினர்கள், அதில் ஒன்பது பேர் துணைத் தலைவர்கள். தலைவர் அந்தக் காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். ஓட்டத் தெரியாது. ஓட்டுவது என் தங்கையின் வீட்டுக்காரர். பழுது பார்ப்பது நான்.

போன வருடப் போட்டிக்கு முன் பிரேக் குழாய்களை மாற்றச் சொன்னார். நடுவர்கள் தரையில் கண்ணாடியைத் தள்ளி வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பார்கள்.

"அதுல பாத்தா அவங்க மூஞ்சி அவங்களுக்கே தெரியணும்யா" என்றார் தலைவர்.

அவர் கேட்டது பளபளப்பு மட்டும்தான். செம்புக் குழாய் போடலாம் என்றது நான். பிரேக்குக்கு எஃகுக் குழாய்தான் போட வேண்டும். செம்பு கைக்கு இணங்கும், மெருகு ஏறும். ஆனால் வண்டியின் அதிர்வில் இறுகி இறுகி ஒருநாள் கீறல் விடும். இது எனக்குத் தெரியாததல்ல.

முதலில் மெல்லிய கம்பியால் மாதிரி எடுத்து, அதன்படி குழாயை வளைத்தேன். பின்சக்கரங்களுக்குப் போகும் குழாயில் ஐந்து வளைவுகள். மூன்றாவது, ஒரு இரும்புச் சட்டத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் தாராளமாக வளைத்து, குழாய் ஆடாமல் ஒரு பட்டை போட்டுப் பிடிப்பதுதான் முறை. பட்டை கண்ணை உறுத்தியது. போடவில்லை. நடுவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து "அடேங்கப்பா" என்றார். கோப்பை தலைவருக்குப் போனது. அந்த அடேங்கப்பா எனக்கு வந்தது.

எட்டு மாதம் கழித்து மச்சான் பட்டறைக்கு வந்தார்.

"பிரேக் மிதி கொஞ்சம் கீழ இறங்குது மச்சான்."

"வயசான வண்டி. ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் காது கேக்கும்."

"அப்ப உங்க தங்கச்சி மாதிரின்னு சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுவாரம் வெளியூர்ச் சங்கத்தார் வண்டியின் அடிப்பாகத்தைப் படம் எடுக்க வருவதாக இருந்தது. கையை வைத்தால் மெருகு கெட்டுவிடும். படம் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள், சந்தைக்கு இறங்கும் சரிவில் குழாய் விட்டுப்போனது. அந்தக் காலத்து வண்டியில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே வழி. எங்கே எண்ணெய் ஒழுகினாலும் நான்கு பிரேக்கும் போச்சு. மச்சான் இரண்டு தடவை அல்ல, இருபது தடவை மிதித்திருப்பார். சாலையைக் கடந்துகொண்டிருந்த தையற்காரர் செத்துப்போனார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்ததாம்.

வண்டியைச் சோதித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டது நீங்கள்தான், ஐயா. வேறு யாருக்கும் அந்த வண்டி புரியாது என்றீர்கள். "சொந்தக்காரர்னு பாக்காம சொல்லணும்" என்றும் சொன்னீர்கள். நான் பார்க்கவே இல்லை.

என் பையில் எஃகுக் குழாய் இருந்தது. அதே மாதிரிக் கம்பியை வைத்து அன்று காலை வளைத்தது. கழற்றினால்தான் சோதிக்க முடியும் என்றேன். பட்டப்பகலில், உங்கள் காவல் நிலையத்தின் முற்றத்தில், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். ஒழுகிய எண்ணெயைத் துடைத்தேன். புது எண்ணெய் ஊற்றிக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். உங்கள் காவலர் ஒருவர் ஆசையாக ஏறி உட்கார்ந்து, நான் "மிதிங்க" என்றால் மிதித்து, "விடுங்க" என்றால் விட்டார். முடிந்ததும் "ராஜா வண்டி சார்" என்று எனக்குக் கை கொடுத்தார்.

பிரேக் நன்றாக இருக்கிறது, ஓட்டியவர் பதற்றத்தில் காலை மாற்றி வைத்திருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது பிரேக் நன்றாகத்தான் இருந்தது. பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று தங்கையோடு மச்சானைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். வண்டிமேல் பழியைப் போடச் சொல்லி வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டாராம். மச்சான் கேட்கவில்லை.

"மச்சான் பாத்துச் சொன்னா தப்பா இருக்குமா? பிரேக்கத்தான் மிதிச்சேன்னு நெனச்சேன். என் காலுதான் மாறியிருக்கு. நாளைக்கு ஒத்துக்கப்போறேன்."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ ஒரு வார்த்தை சொல்லு. வண்டியில ஒண்ணும் இல்லதானே?"

"இல்லம்மா" என்றேன். நேற்றுகூட அப்படித்தான் சொன்னேன்.

"நீ சொன்னா சரி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் நீதிபதி முன் நிற்பார். அதற்குள் இதை அனுப்பிவிடுங்கள். தையற்காரரைக் கொன்றது நான். மச்சானை உள்ளே தள்ளியதும் நான். செய்யாத குற்றத்தைச் செய்ததாக அவரையே நம்பவைத்ததும் நான்தான்.

சாட்சி இந்தத் துணிக்குள் இருக்கிறது. அன்று கழற்றிய குழாய். தூக்கிப் போட்டிருக்கலாம், மனம் வரவில்லை. கீறல் மூன்றாவது வளைவில், மயிரிழை அளவுதான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கையும் விரலால் தடவிப் பாருங்கள், ஐயா. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.