டுவேன் வீட்டுக் கூரை

நவம்பர் மாதம், மாலை நாலரை மணி. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. டெரிமோயில் சதுப்புக்கு நடுவே போகிற சாலை… உங்களுக்கே தெரியும், அங்கே ஆடுகூட நிற்காது. அதில் ஒருவர் தனியாக நடக்கிறார். கழுத்தில் கேமரா.

என் தோழி டெர்வ்லாவின் தாய்மாமன், பின்டன் ஹெராட்டி. நம் ஊர்ச் சரித்திரத்தை எழுதிய மகான். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் நூற்று நாற்பது அவர் குடும்பப் பெருமை. உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் அவருடைய முப்பாட்டன் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாராம். எங்கே ஊற்றினார்… கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பண்ணையாரின் ஆட்களோடு போய் குத்தகை பாக்கி வைத்தவர்களின் கூரையை வீடு வீடாகப் பிடுங்கினார். டுவேன் குடும்பத்தில் ஒன்பது பேரை மழையில் நிறுத்தினார். ஒரு வாரம். ஒன்பது பேரும் அந்தச் சாலையோரப் பள்ளத்திலேயே செத்துப்போனார்கள்.

ஊருக்கே தெரிந்த கதை. வாயைத் திறந்தோமா? நம் வீட்டுப் பெயரும் புத்தகத்தில் வருமா என்று மட்டும் அவரிடம் கேட்டோம். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

அட்டைக்குப் பூர்வீக வீட்டின் படம் வேண்டியிருந்தது. ஹெராட்டிகளின் பழைய வீட்டை அவரே இடித்து மாட்டுக்கொட்டகை கட்டிவிட்டார். டுவேன் வீட்டுக் குட்டிச்சுவர் போதும் என்று கிளம்பினார். செத்தவன் வந்து கேட்கவா போகிறான் என்று டெர்வ்லாவிடம் சிரித்தாராம்.

பாதி வழியில் சத்தம். இரும்பு கல்லில் இடிக்கிற சத்தம். டங்… டங்… அப்புறம் வாடை. நனைந்த வைக்கோல் புகைகிற வாடை. பத்து மைல் சுற்றளவில் வைக்கோல் கூரை ஏது?

போய்ச் சேர்ந்தால், குட்டிச்சுவருக்குள் ஒரு பெண் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். அடுப்பு இருந்த இடத்தில் தணலைக் கையாலேயே சாம்பலிட்டு மூடிக்கொண்டிருந்தாள். யாரோ நாடோடிக்காரி என்று இவர் நினைத்தார்.

“கொஞ்சம் தள்ளிக்கிறியா? போட்டோ எடுக்கணும். இது எங்க பூர்வீக வீடு.”

அவள் திரும்பவில்லை.

“உங்க வீடா… அப்ப உள்ள வாங்கய்யா. இனி நீங்களே இருந்துக்குங்க.”

எழுந்து, முகம் காட்டாமல் அவரைத் தாண்டி வெளியே போனாள். அவள் பின்னால் குளிர் அவரை உரசிக்கொண்டு போனது. வாசலில் ஒருவர்பின் ஒருவராகப் போவதுபோல… எட்டு முறை. எண்ணினாராம்.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்து, ஓடி வீடு சேர்ந்தார். துடைத்தார். உடை மாற்றினார். கணப்பின் முன்னால் உட்கார்ந்தார். தோளில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

ஒழுகுகிறதா என்று ஓர் ஆள் கூரையேறிப் பார்த்தான். கூரையில் ஊசி நுழைய இடமில்லை. நாற்காலியை நகர்த்தினார். மழையும் நகர்ந்தது. வியர்வை என்றார் டாக்டர். புத்தகம் வெளியிட்ட அன்று நீங்களும் மண்டபத்தில் இருந்தீர்கள். அவர் கையிலிருந்த பக்கம் மட்டும் மை கரைந்து வழிந்தது. பக்கத்து நாற்காலியில் பாதிரியார், காய்ந்த சட்டையோடு. அப்போதாவது அந்தக் கஞ்சிக் கதை பொய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வறட்டுக் கௌரவம். கரைந்த பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தார். நாம் கை தட்டினோம்.

பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். கூடத்தில் கிடத்தி, டெர்வ்லா துண்டால் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட ஈரம். விடிவதற்குள் சவப்பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்கள்.

வீடு அவளுக்கு வந்தது. அவளுக்கும் தாய்வழியில் ஹெராட்டி ரத்தம்தானே.

போன வியாழக்கிழமை அங்கே போயிருந்தேன். வெளியே நல்ல வெயில். அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்… ஒரு கையில் கெட்டில். மறு கையில், விரித்த குடை.