மூணு தலைமுறைச் செக்கு

இணையத்தில் தொழில்கடன் கிடைப்பது கடினம் என்றொரு கருத்து நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதைத் திருத்தியே ஆக வேண்டும். கடன் தருகிறேன் என்பவர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக அலைகிறார்கள். தேடப் போனவர்தான் தப்பிக்க முடிவதில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி நவநீதன் இதை அனுபவித்தே அறிந்தவர். மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு இடம் பிடித்துப் பலகையும் மாட்டிவிட்டார். செக்குதான் இல்லை. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு மட்டுமான அரசு மானியக் கடன் வந்தால்தான் செக்கு வரும். அதுவரை வெறுங்கடைக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது. அன்று காலை தோள்பையோடு ஒருவர் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மொத்த வியாபாரி என்று நவநீதன் முடிவுகட்டினார். வந்தவர் எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள் நவநீதனின் கைபேசி அலறியது. அதை அமுக்கிவிட்டு நவநீதனே தொடங்கினார்.

“…பாத்தீங்களா, இன்னொருத்தன்! லோனுன்னு ஒரே ஒரு வார்த்த தேடுனேங்க. அன்னையிலருந்து போனு ஓயல. கன்னடத்துல ஒருத்தன், இந்தியில ஒருத்தி… அஞ்சு நிமிசத்துல லோனுங்கறான், மொதல்ல பீசு கட்டுங்கறான். நானா ஏமாறுவேன்? உக்காருங்க சார், அந்த ஸ்டூலத் தொடச்சுட்டு உக்காருங்க.

“கவர்மெண்டு சைட்டு அதுக்கு மேலங்க! போட்டோ ஏத்துனா பெருசுங்குது. சின்னதாக்குனா மூஞ்சி தெரியலங்குது. என் மூஞ்சி அவ்ளோதாங்க, நான் என்ன பண்றது? கடசில மொரப்பூர்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கற பானுமதிதான் ஏத்திக் குடுத்துச்சு. ஏத்தி என்ன… நேர்ல வந்து பாப்பாங்களாம்! எங்கிங்க வர்றாங்க?

“நேத்து ஒருத்தன், ‘ஆபீசுலருந்து பேசறேன், கடைய வந்து பாக்கணும்’ங்கறான். கொரலே திருட்டுக் கொரலுங்க. வாப்பா, வந்து காப்பி குடிச்சிட்டுப் போன்னு சொல்லி ப்ளாக் பண்ணிட்டேன். நல்லா கேட்டேன்ல? ஏன் சார் சிரிக்கறீங்க?

“செக்குங்களா? அது… சர்வீசுக்குப் போயிருக்குதுங்க, சேலத்துக்கு. ஓடி ஓடித் தேஞ்சு போச்சு. எத்தன வருசமாவா? என்னங்க இப்புடிக் கேட்டுட்டீங்க! பலகையிலயே போட்டிருக்குதே, மூணு தலைமுறைன்னு. எங்க பாட்டன் மாடு கட்டி ஆட்டுனாரு, எங்கப்பா ஆட்டுனாரு, நான் கரண்டுல ஆட்டறேன். நம்ம எண்ண பொம்மிடில ரயிலேறிப் போவாத ஊரு இல்லீங்க. லோனா? அது சும்மா, எக்ஸ்ட்ராவா ஒரு செக்கு போடலாம்னு… போட்டோவா? எடுங்க எடுங்க! பலகையும் சேந்து வுழுவணும். நாலு பேத்துக்கு அனுப்பி வுடுங்க!”

நவநீதனின் பாட்டனார் ஆயுள் முழுக்கக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பயிரிட்டவர். செக்கை அவர் பக்கத்து ஊரில் பார்த்ததாகக்கூடத் தகவல் இல்லை. ஆனால் புதுக் கடையில் எண்ணெய் வாங்க யார் வருவார்கள்?

“அந்த மாடு ரெண்டும் இருக்குது பாருங்க, செவல ஒண்ணு, மயில ஒண்ணு… செவலைக்குக் கண்ணு தெரியாது. ஆனாலும் ஒரு நாளு தடம் மாறுனதில்ல. அப்பேர்ப்பட்ட எண்ணங்க! ஒரு டின்னு போட்டுக்கறீங்களா? மாடு செத்தன்னைக்கு எங்க பாட்டன் சோறு…”

திரும்பிப் பார்த்தார். ஸ்டூல் காலியாக இருந்தது.

அடுத்த வாரம் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நேரடி ஆய்வில், நிறுவனம் மூன்று தலைமுறைகளாக இயங்கிவருவது உறுதியானதால், புதிய தொழிலுக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.