ராட்சசனுக்கு வயிறு நிறைந்தது

எனக்கு ஜோக் சொல்ல வராது, மேடம். கல்யாண வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது நான் ஒன்று சொன்னால், "அப்புறம்?" என்று கேட்பார்கள். முடிந்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதே ஜோக்கை என் தங்கை புருஷன் சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் புரையேறும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மாப்பிள்ளை மேல் எனக்குப் பொறாமை என்று எங்கள் டிரம்ஸ்காரன் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவன் சின்னப் பையன், வாய் துடுக்கு. பொறாமையெல்லாம் இல்லை. மாப்பிள்ளை கதை எழுதுவார், மற்றவர்களை ஆட்டி வைப்பார், பெரிய வேஷத்தைத் தானே போட்டுக்கொள்வார். நான் மெட்டுப் போடுவேன். மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் கீபோர்டோடு உட்கார்ந்து, வாத்தியக்காரர்களை வழிநடத்துவேன். தங்கைக்குத் தையல். யாருக்கு எது வருமோ அது.

எங்கள் நாடகத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள். ஒரு ராட்சசன். ரொம்ப மரியாதைக்காரன். யாரைத் தின்றாலும் முதலில் கைகூப்பி, "மன்னிச்சுக்கோங்க, பசிக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் தின்பான். தபால்காரரைத் தின்பான். மந்திரியைத் தின்றுவிட்டு, மந்திரி சம்சாரத்திடம் துக்கம் விசாரிக்கப் போய், அழுது முடித்துவிட்டு அவளையும் தின்பான். எல்லாமே பாட்டுதான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கூட்டிவந்த பெரியவர்கள் அதற்கு மேல். கடைசியில் ராஜாவைக் கிரீடத்தோடு விழுங்குவான். கிரீடம் தொண்டையில் சிக்கிக்கொள்ள, பாடிக்கொண்டே சாவான்.

அந்தச் சாவுப் பாட்டுதான் நான் போட்டதிலேயே நல்ல மெட்டு. நாலே வரி. ராட்சசன் கீழே விழும்வரை அந்த நாலு வரியையே சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் "பசிக்குது, இன்னும் பசிக்குது" என்று முடியும். கேட்டால் உங்களுக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் ஜனங்கள் அந்தப் பாட்டுக்குச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இருமினார்கள். செல்போனைப் பார்த்தார்கள்.

ராட்சசன் தலையைப் பற்றிக் கேட்டீர்கள். அது தங்கை செய்தது. கம்பிக் கூட்டின் மேல் கனமான ஃபோம், அதன் மேல் துணி. பல்லுக்கு நடுவே கறுப்பு வலை. அது வழியாகத்தான் மாப்பிள்ளை பார்ப்பார். ஆட்டத்தில் கழன்றுவிடக் கூடாது என்று தோளுக்குப் பின்னால் பக்கிள் போட்டு இறுக்கியிருந்தாள். போட்டவர் தானாகக் கழற்ற முடியாது. உள்ளே அடுப்பங்கரை மாதிரி வேகும். மாப்பிள்ளைக்கு வீசிங் வேறு. அதற்காக உள்ளே பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஃபேன் வைத்திருந்தோம். முடியவில்லை என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி மாதிரி வைப்பார். பக்கவாட்டில் நிற்கும் இரண்டு பேர் ஓடிவந்து பக்கிளைக் கழற்றிவிட வேண்டும். எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு அது.

ஒரு மதியக் காட்சியில், சாவுப் பாட்டு நடக்கும்போது, அவர் நிஜமாகவே கையைத் தூக்கினார். அந்த இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். ஒருவன் தடுக்கி ராட்சசன் வயிற்றில் முட்டினான். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. என் பாட்டின் நடுவே நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

தலையைக் கழற்றி அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். இதையே வைத்துக்கொள்ளலாம். ஓடி வருகிற இரண்டு பேருக்கும் சிப்பாய் உடுப்புப் போடுவோம். ராட்சசன் கையைத் தூக்கட்டும், அவர்கள் வரட்டும், அவன் உறுமியதும் பயந்து ஓடட்டும்.

மாப்பிள்ளை என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "மச்சான், இத்தனை வருஷத்துல நீங்க சொன்ன முதல் ஜோக் இதுதான்."

அப்புறம் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. "அப்போ எனக்கு நிஜமாவே முடியலைன்னா என்ன பண்றது?"

"நான் உங்களையேதானே பாத்துட்டிருக்கேன், மாப்பிள்ளை" என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சரி. 'பசிக்குது'ன்னு பாட வேண்டிய இடத்துல 'வயிறு நிறைஞ்சிருச்சு'ன்னு பாடிடறேன். நீங்க வாசிக்கிறதை நிறுத்திடுங்க."

இசை நடுவில் நின்றால் விளக்கைப் போட்டுவிட்டு எல்லாரும் மேடைக்கு ஓட வேண்டும் என்பது எங்கள் குழுவில் முதல் நாளிலிருந்தே இருக்கும் விதி. மற்றவர்களுக்கு இந்தப் புது ஏற்பாட்டை நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்ல மறந்துவிட்டேன் என்று போன தடவை உங்களிடம் சொன்னேன் அல்லவா, அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். மறக்கவில்லை.

சிப்பாய்கள் வந்த பிறகு அந்தக் காட்சிக்கு நல்ல சிரிப்பு. ஆனால் அவர்கள் ஓடிய மறுநிமிஷம் மறுபடியும் இருமல். மாப்பிள்ளை எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பாட்டு வந்தா ஜனங்க பாத்ரூமுக்குப் போறாங்க. அதுக்குத்தான் தனியா இடைவேளை விட்டிருக்கோமே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை மட்டும் ஊசியில் நூல் கோப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஞாயிற்றுக்கிழமைக் காட்சியோடு பாட்டு போய்விடும் என்று முடிவானது. அப்புறம் கையைத் தூக்குவார், சிப்பாய்கள் வருவார்கள், டிரம்ஸில் ஒரு அடி, ராட்சசன் காலி. என் ஜோக் இருக்கும். என் பாட்டு இருக்காது.

நான் சண்டை போடவில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கடைசியாக ஒரு தடவை அது ஒழுங்காகக் கேட்கப்பட வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஃபேன் சத்தம் மாப்பிள்ளையின் மைக்கில் விழும். கொசு மாதிரி ஒரு ரீங்காரம். இத்தனை காலமும் பொறுத்துக்கொண்டேன். மைக்குக்கும் ஃபேனுக்கும் பேட்டரி மாற்றுவது எப்போதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மைக்கில் புதிதைப் போட்டேன். நீங்கள் ஃபேனிலிருந்து எடுத்து வைத்திருக்கிறீர்களே, தீர்ந்துபோன பேட்டரி, அது நான் தேடிப் பிடித்துப் போட்டது. பாதி நாடகம்வரை தாக்குப்பிடித்தது. சாவுப் பாட்டுக்கு வரும்போது ரீங்காரம் இல்லை. இசை தெரிந்தவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வெயில் காலம். அரங்கம் நிறையக் குழந்தைகள். ராஜாவை விழுங்கினார். பாட்டு ஆரம்பித்தது. முதல் சுற்றிலேயே கையைத் தூக்கிவிட்டார். வழக்கமாக அது இரண்டாவது சுற்றில். டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். சிப்பாய்கள் ஓடி வந்தார்கள், அவர் உறுமாமலே ஓடிப் போனார்கள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

இரண்டாவது சுற்றின் முடிவில் பாடினார்.

"வயிறு நிறைஞ்சிருச்சு."

சுருதி தப்பாமல்தான் பாடினார். வலைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை, ஆனால் அந்தப் பெரிய தலை என் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. நான் சுற்றின் ஆரம்பத்துக்குப் போனேன்.

மறுபடி பாடினார். பாட்டாக வரவில்லை, பேச்சாக வந்தது. அப்புறம் "மூச்சு முட்டுது" என்றார். தொண்டையில் கிரீடம் சிக்கிய ராட்சசன் வேறு என்ன சொல்வான்? ஜனங்கள் கைதட்டினார்கள். முழங்காலில் விழுந்து தோளுக்குப் பின்னால் தடவினார், கை எட்டவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை எழுந்து, "மன்னிப்புக் கேளு" என்று கத்தியது. அரங்கம் முழுவதும் தாளத்தோடு அதைப் பிடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேளு, மன்னிப்புக் கேளு. என் தாளம்தான். கொஞ்சம்கூட விலகவில்லை.

பக்கவாட்டில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இன்னிக்கு அவர் பின்றாரு என்று எனக்குச் சைகை காட்டினாள்.

எத்தனை சுற்று வாசித்தேன் என்று கேட்காதீர்கள், வாசிக்கும்போது எண்ணிப் பழக்கமில்லை. அவர் விழுந்ததும் நிறுத்தினேன். விழும்வரை வாசிக்க வேண்டும் என்று எழுதியது அவர்தான்.

திரை விழுந்து, வணக்கம் சொல்ல எல்லாரும் வரிசையில் நின்றபோதும் ராட்சசன் எழுந்திருக்கவில்லை. தங்கைதான் முதலில் ஓடினாள். அந்த பக்கிளைத் தைத்தவளுக்கே அன்றைக்குக் கழற்ற வரவில்லை. நான் போய்க் கழற்றிக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவர் என்கிட்ட சொல்லியிருந்தாரு அண்ணா, அந்த வயிறு நிறைஞ்ச விஷயத்தை. நான் சிரிச்ச சிரிப்புல என் காதுல விழல. உங்க காதுல விழுந்துச்சா?"

இல்லம்மா என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். மறுநாள்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

விழுந்தது, மேடம். மூன்று தடவை. மூன்றாவது தடவை சத்தம் ரொம்பச் சின்னது, ஆனாலும் விழுந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றைத்தான் திருத்தச் சொல்கிறேன். மைக்கில் பதிவானதை நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். இரண்டாவது சுற்றுக்கு மேல் இசையே கேட்கவில்லை, சிரிப்பும் அவர் மூச்சும்தான் கேட்கிறது, உங்கள் பாட்டை யாரும் கேட்டிருக்க முடியாது என்றீர்கள். மைக் இருந்தது அவர் தலைக்குள். அதில் வேறென்ன பதிவாகும்? நீங்கள் நான் உட்கார்ந்திருந்த பள்ளத்திலிருந்து கேட்டிருக்க வேண்டும். ஒரு இருமல் இல்லை. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அத்தனை பேரும் என் மெட்டுக்குத்தான் கைதட்டினார்கள்.

மாப்பிள்ளை இருந்து கேட்டிருக்கணும்.