பலகையில் இரண்டு தட்டு

உங்கள் ஸ்டேஷன் டீ மோசமில்லை, சார். கிளாஸ்தான் கொஞ்சம் சின்னது. அடுத்த முறை கடைக்காரனிடம் என் பெயரைச் சொல்லிப் பாருங்கள், இதே கிளாஸில் இன்னும் இரண்டு மடக்கு கூடுதலாக ஊற்றுவான். உப்புத் தரகர் வெங்கடாசலம் என்றால் மரக்காணத்தில் எந்தக் கடைக்காரனும் பேசிப் பார்க்காமலே இறங்கி வந்துவிடுவான்.

டீ குடிக்கக் கூப்பிடவில்லை என்று தெரியும். வெளியே பெஞ்சில் மேரிசெல்வி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மரியாதை தெரிந்த பெண். மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தன் அப்பா சாலமனைக் கொன்றது தான்தான் என்று காலையில் வந்து சொல்லியிருக்கிறாள். அதற்கு நான்தான் சாட்சி என்றும் சொல்லியிருக்கிறாள். நான் ஆமாம் என்றால் அவள் மேல் வழக்கு, இல்லை என்றால் அவள் வீட்டுக்குப் போகலாம். இவ்வளவுதானே விஷயம்? டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

நான் பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்தவன், சார். திண்டிவனம் மார்க்கெட்டில் எங்களுக்கு மளிகைக் கடை. சொன்ன விலைக்கு ஒருவர் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் என் அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. 'ஏம்பா, அந்த ஆளுக்கு நம்ம மேல என்ன கோவம்' என்பார். அம்மா கோயில் வாசலில் கற்பூரத்துக்குப் பேரம் பேசிவிட்டு, உள்ளே போய் சாமியிடம் விட்ட இடத்திலிருந்து தொடருவாள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி இரண்டாவது தட்டு வந்த பிறகுதான் அப்பா சம்மதம் சொன்னார். எங்களுக்குப் பேரம் காசுக்காக இல்லை. அது ஒரு சந்தோஷம். கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்க வைப்பதுபோல.

உப்பளத்தில் எனக்குச் சரியான ஜோடி சாலமன் குடும்பம்தான். எனக்கு ஒரு பாத்திகூடச் சொந்தமில்லை. பாத்திக்காரர்களிடம் உப்பு வாங்கி, என் லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிறவன். ஏற்றுகிற ஆட்கள் சாலமன், அவன் பெண்டாட்டி ஜெபமாலை, பள்ளி லீவு நாட்களில் மேரிசெல்வி. மழைக்காலத்தில் அளம் மூடிவிட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பும் பாதி நாள் மூடித்தான் இருக்கும். ஆனால் வாய் மட்டும் மூடாது.

"மாமா, போன வாரம் மோர் குடுத்தீங்க. இந்த வாரம் அதே சொம்புல தண்ணி வருது. மோர் எங்க, லீவுல போயிருக்குதா?" என்பாள் மேரிசெல்வி.

"ஏன் சாலமா, இந்த வாயி யாருகிட்ட கத்துக்கிச்சு?"

"எல்லாம் உங்ககிட்டதான் மொதலாளி. வீட்டுலயும் இதே கதைதான். பத்து பாத்திரம் கழுவுன்னா, அஞ்சுக்கு ஒத்துக்குது. அதுலயும் ஒண்ண நம்ம தலைல கட்டிட்டு போயிடுது."

அவளுக்குப் பாண்டியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அங்கே போய் டாக்டர்களிடமும் பேரம் பேசுவாள் என்று சாலமன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் ஊருக்குப் புதிது. உப்பளத்தில் மரம் முளைக்காது. மத்தியான வெயிலில் கண் கூசும், மண் சுடும், ஒதுங்க ஓர் இடம் கிடையாது. இருக்கிற ஒரே நிழல் லாரிக்கு அடியில். சாப்பிட்டதும் ஏற்றுகிற ஆட்கள் லாரிக்கு அடியில் போய்ப் படுப்பார்கள். எந்த அளத்திலும் இதுதான். அதனால் ஒரு வழக்கம் உண்டு. லாரி கிளம்புமுன் ஏற்றுகிறவர்களில் ஒருவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். இரண்டு தட்டு கேட்டால் ஆள் இல்லை, வண்டியை எடுக்கலாம். கேட்காமல் எந்த டிரைவரும் சாவியில் கை வைக்கமாட்டான். சாலமன் குடும்பம் ஏற்றுகிற என் வண்டியில் தட்டுகிற வேலை மேரிசெல்விக்கு.

அன்றைக்கு மே மாதம். கடல் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது. கோடையில் மழை வந்தால் பாத்தியில் இருக்கிற உப்பு போச்சு, மேலே ஏற்றிவிட்ட உப்புக்கு மவுசு ஏறும். ஆம்பூரில் தோல் ஷெட்டுக்கு உப்பு வாங்குகிறவர் ஒருவர் ஒரு வாரமாக என்னிடம் இறங்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். மேகத்தைப் பார்த்தேன், போனைப் போட்டேன். 'இங்க வானம் நல்லா வெளுத்திருக்குது, அவசரமே இல்ல, மெதுவா யோசிங்க' என்றேன். என் குரலுக்குப் பின்னால் இடி உறுமியது அவருக்கும் கேட்டிருக்கும். இரண்டு நிமிஷத்தில் அந்த மனுஷன் நான் கேட்ட விலைக்கு வந்து, சீக்கிரம் அனுப்புங்க என்று கெஞ்ச ஆரம்பித்தார். சார், அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றும் வந்ததில்லை. கால் தரையில் நிற்கவில்லை.

டிரைவர் ஜான்சன் ரோட்டுக் கடைக்குப் போயிருந்தான். பெண்கள் உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் நின்று தார்ப்பாய் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். முதல் தூறல் விழுந்தது. வரப்பு ஈரமானால் லாரி சிக்கிக்கொள்ளும். நானே ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். போன் காதில்தான் இருந்தது, அவர் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தார், வைக்க மனசு வரவில்லை. லாரி எதன் மேலோ ஏறி இறங்கியது. 'என்ன சத்தம்?' என்று அவர் கேட்டார். 'ஒண்ணுமில்ல, வரப்புல மேடு' என்றேன்.

இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சாலமன் தூங்கிக்கொண்டிருந்தான் என்று.

அவன் துடிக்கவில்லை. அது ஒரு நிம்மதி. மேரிசெல்விதான் முதலில் ஓடி வந்தாள். என் அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம், உன் விலையை நீ முதலில் சொல்லாதே, எதிராளி வாயில் வரட்டும் என்பது. நான் எதையும் சொல்லவில்லை, சார். கேட்டேன், அவ்வளவுதான்.

"தட்டினது நீதானேம்மா?"

அவள் தன் கையிலிருந்த கூடையைப் பார்த்தாள். ஈர உப்பு அடியில் ஒட்டிக்கொண்டால் பலகையில் தட்டித்தான் உதிர்ப்பார்கள். நாள் முழுக்க நடக்கிறதுதான்.

"கூடையத்தான் தட்டினேன் மாமா. உப்பு ஒட்டிக்கிச்சு. ரெண்டு தட்டு தட்டினேன்."

"எப்போ?"

"இப்பதான். இல்ல, கொஞ்சம் மின்ன. மாமா, நான் கீழ பாக்கல. கூடையத்தான் தட்டினேன். நான் பாக்கல மாமா."

"சரி விடு. யாருகிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவு சுலபமாக முடிந்த பேரம் என் அனுபவத்தில் இல்லை. நான் ஒரு வார்த்தை போட்டேன், மிச்சம் எல்லாவற்றையும் அவளே எடுத்துக்கொண்டாள். ஹேண்ட்பிரேக் விட்டு வண்டி தானாக உருண்டது என்று அப்போது இந்த ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜான்சனுக்கு வேலை போனது. பாவம், பிரேக்கைச் சரியாகத்தான் போட்டுவிட்டுப் போயிருந்தான், நல்ல டிரைவர். நான் வண்டி ஓட்டினேன் என்று தெரிந்தது அவளுக்கு மட்டும். தன்னைக் காப்பாற்றத்தான் மாமா அதை மறைத்தார் என்று அடக்கம் முடிந்து வந்து என் காலைத் தொட்டாள். கல்லறை மண் அவள் கையில் இருந்தது. என் செருப்பைக் கழுவ வேண்டியதாயிற்று.

தொழிலாளர் சங்கத்துக்காரர் நடராசன் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, லாரி முதலாளி மேல் கேஸ் போடலாம் என்று ஜெபமாலையிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மேரிசெல்விதான் மறித்திருக்கிறாள். "மாமா மேல கேஸா? வாயக் கழுவுங்க" என்றாளாம். பிறகு நடராசன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட ஆரம்பித்துவிட்டார். உழைப்பாளி மனதில் இவ்வளவு இடம் பிடித்த முதலாளியை அவர் பார்த்ததில்லையாம்.

நர்சிங் படிப்பை நான் கெடுத்ததாக நினைத்துவிடாதீர்கள். போகாதே என்று நான் சொல்லவேயில்லை. கிளம்புவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்தாள். தலையில் கை வைத்து, "உசுர காப்பாத்தற வேலம்மா. அங்கயும் பாக்காம எதையாவது பண்ணிடப் போற, கவனம்" என்று அன்பாகத்தான் சொன்னேன். மறுநாள் காலையில் கூடையோடு அளத்தில் வந்து நின்றாள்.

அதிலிருந்து இன்றுவரை அவளைப்போல ஒரு ஆளை நான் பார்க்கவில்லை. தண்ணீரைக் கொடுத்தால் மோர் எங்கே என்று கேட்பதில்லை. கூலி எவ்வளவு என்றும் கேட்பதில்லை. கொடுத்ததை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள். கூடையைப் பலகையில் தட்டுவதே இல்லை. நகத்தால் சுரண்டுகிறாள். உப்புக்கும் வெடித்த விரலுக்கும் ஆகாது, உங்களுக்குத் தெரியும். பார்க்கச் சகிக்காமல் நான்தான் ஒரு கொட்டாங்குச்சி கொடுத்தேன், சுரண்டிக்கொள்ள. உண்மையைச் சொன்னால், எனக்குச் சில நாள் அலுப்பாகக்கூட இருக்கும். எதிரில் பேச ஆளில்லாத பேரம் என்ன பேரம்? வாயைக் கிளறிப் பார்ப்பேன். "என்னம்மா, மோர் வேணாமா?" என்பேன். "உங்க இஷ்டம் மாமா" என்பாள்.

நீங்கள் கூப்பிட்டபோது ஒரே முடிவோடுதான் வந்தேன். துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது, தட்டும் இல்லை ஒன்றும் இல்லை, பிரேக்தான் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்று. ஆனால் அவள் எழுதிக் கொடுத்ததை நீங்கள் படித்துக் காட்டினீர்கள் பாருங்கள். அதில் கடைசியில், 'எனக்காகத்தான் மாமா பொய் சொன்னார், எனக்கு எவ்வளவு தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அவரை விட்டுவிடுங்கள்' என்று இருந்ததே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். மூன்று வருஷமாக வாயே திறக்காத பெண், கடைசியில் பேரம் பேசியிருக்கிறாள். அதுவும் எனக்காக. என் சொந்த மக்கள்கூட எனக்காக இப்படி ஒருவரிடம் போய் நின்றதில்லை. இதற்கு மேல் நான் இழுத்தால் எனக்கே நன்றாக இராது.

எழுதிக்கொள்ளுங்கள். என் காதில் எந்தத் தட்டும் விழவில்லை. கூடைத் தட்டும் இல்லை, பலகைத் தட்டும் இல்லை. ஆம்பூர்க்காரர் குரல் மட்டும்தான் கேட்டது. நான் தட்டுக்காகக் காத்திருக்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. சாலமன் மேல் வண்டி ஏற்றியது நான். அதை அவன் மகள் தலையில் வைத்ததும் நான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன், சார். இதை அவளிடம் சொல்லவேண்டாம். விசாரித்தாயிற்று, உன் மேல் தப்பில்லை, வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்கள். முழுசாகத் தெரிந்தால் அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள். அப்பாவைப் பறிகொடுத்த பெண், சார். அப்பா ஸ்தானத்தில் அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான்.