அத்தானின் குதிகாலில் தூவிய துகள்

எங்கள் குடும்பத்தில் சொன்ன நேரத்துக்கு வருகிறவர் அத்தான் ஒருவர்தான். பேருந்து ஓட்டி ஓட்டி வந்த பழக்கம். ஆராய்ச்சிக்கு அப்படி ஓர் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அக்காவின் கணவர் அவர். சர்க்கரை நோயாளி. குதிகாலில் ஒரு புண், மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. நானோ ஆறாத புண்ணுக்கென்றே மருந்துத் துகள் செய்கிறவன். கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள், உள்ளே மருந்து. தூவிக் கட்டினால், மெல்லக் கரைந்து மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

"இவ்வளவு படிச்சிருக்க, இவர் காலுக்கு ஒரு வழி பண்ண மாட்டியாடா?" என்று அக்கா கேட்டாள். பண்ணினேன்.

நான் நடத்திய சோதனையில் அவரையும் சேர்த்தேன். அதில் பாதிப் பேருக்கு மருந்துள்ள துகள், பாதிப் பேருக்கு வெறும் துகள். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். அத்தானுக்கு மட்டும் நானே வெறும் துகளை எடுத்துவைத்தேன். மருந்தை வைத்தால், சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினான் என்று நாலு பேர் பேசுவார்கள். நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆனால் அவர் புண் ஆறத் தொடங்கியது. அக்கா வேளை தவறாமல் கழுவித் துடைத்தாள். அவரும் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. மருந்து வைத்தவர்களின் புண்கள் அசையாமல் கிடக்க, இவருடையதில் மட்டும் ஓரமாக இளந்தோல் கட்டியது. கட்டுப் போடும் செவிலியர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "உங்க மருந்தவிட உங்க அக்கா கை நல்லா வேலை செய்யுது சார்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் வெகுளி, அவரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

துகளை இப்படி வெறுமையாக விட்டுவைப்பது வீண் என்று அப்போதுதான் தோன்றியது. இன்னொரு நோயாளியின் சீழிலிருந்து வளர்த்த கிருமியை அதில் நிரப்பினேன். அத்தான் வந்தார், காலை நீட்டினார்.

"ரொம்ப எரியுது மாப்ளே."

"ஆறுற புண் அப்படித்தான் அத்தான் எரியும்."

"நீ சொன்னா சரிதான்."

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிறகு மேலே. அதற்குப் பிறகு எடுப்பதற்கு அவர் இல்லை. பிணவறை வாசலில் அக்கா என் தோளில் சாய்ந்து, "நீ எவ்வளவோ பார்த்தேடா, எனக்குத்தான் கொடுத்துவைக்கல" என்று அழுதாள். நன்றியுள்ளவள்.

மிச்சமிருந்த பொடியைச் செவிலியர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். அவ்வளவு சிரமம் எதற்கு? என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

ஆமாம் ஐயா, அத்தானைக் கொன்றது நான்தான். ஒன்றை மட்டும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்: உள்ளே எதை வைத்தேனோ அதை அந்தத் துகள் மெதுவாக, சீராக, துளிகூட வீணாக்காமல் அவர் உடம்பில் கொண்டுசேர்த்தது. ஓர் உயிர் போனதற்காக, இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பை ஜனங்களுக்குக் கிடைக்காமல் செய்துவிடாதீர்கள்.